பதினேழாம் எண் கண்ணாடி

மகளிர் விடுதி, சென்னை
8-7-1985

அன்புள்ள பரிதா,

நலமா? வீட்டுக்காரர் நலமா? உன் மாமியார் இப்போதாவது நீ போடும் டீயைக் குடிக்கிறார்களா? "எம்.எஸ்சி. படிச்ச புள்ளைக்குச் சர்க்கரை அளவு தெரியல" என்று அவர்கள் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மெஸ்ஸில் அதைப் படித்துத் தனியாகச் சிரித்து, பக்கத்தில் இருந்தவளிடம் திட்டு வாங்கினேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நம் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புரொபசர் பெயர், உன் பெயர், என் பெயர். டிசம்பரில் அச்சாகும். புரொபசர் லேப் முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். என் பங்கை அப்படியே பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன்.

ஏனென்றால் பதினேழாம் எண் கண்ணாடியை என்னால் மறுபடி செய்ய முடியவில்லை.

நம் வேலைக்குப் பணம் தரும் இலாகாவிலிருந்து செப்டம்பரில் ஆட்கள் வருகிறார்கள். கட்டுரையில் எழுதியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். புரொபசர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் பதினேழு உடைந்துவிட்டது உனக்குத் தெரியும். மார்ச்சில் ஓரத்தை மறுபடி மெருகேற்றப் போய் என் கையில்தான் இரண்டாகப் போயிற்று. அதனால் புதிதாகச் செய்ய உட்கார்ந்தேன். இதுவரை பதினொன்று செய்துவிட்டேன். பதினொன்றும் பாழ்.

புதிதாக வந்த வார்டன் அம்மா, "லேப்பில் நீ என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டார். "கண்ணாடிக்குள் ஒளி போக வாய்க்கால் வெட்டுகிறேன்" என்றேன். நாம் இருவரும் வைத்த பெயர்தானே அது. பெல் ஜார் என்ற கண்ணாடிக் கூண்டில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அதற்குள் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படலமாகப் பூசி, அதில் மயிரிழை அகலத்துக்குக் கோடு திறந்து, வெள்ளி கலந்த உப்புக் குழம்பில் முக்கினால் கோட்டு வழியாக வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கும். பிறகு அந்தக் கோட்டை விட்டு ஒளி வெளியே போகாது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "நல்லதும்மா" என்றார்.

இப்போது என் வாய்க்கால்களில் கரையெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. லேசரை உள்ளே விட்டால் ஒரு விரல் நீளத்துக்குள் செத்துப்போகிறது. பதினேழில் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பாக நூல் கட்டியதுபோல ஓடியதே! உன் லாக் புக் பக்கத்தை வரிக்கு வரி பின்பற்றுகிறேன். அலுமினியம் பூசியது நீ. முக்கியதும் அளந்ததும் நான். என் பக்கத்தை நூறு முறை பார்த்துவிட்டேன். ஜனவரி 18 அன்று நீ ஏதாவது கூடுதலாகச் செய்து, எழுத மறந்தாயா? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது.

அன்புடன்,
லூர்து

---

கடை வீதி, ஏற்காடு
19-7-1985

அன்புள்ள லூர்து,

நலம். உன் நலம் எழுது. கட்டுரைச் செய்தி கேட்டு ஆடாத குறைதான். அவரிடம் சொன்னேன். எங்கள் இரும்புக் கடைக்கு வந்த எஸ்டேட் கணக்கு ரைட்டரிடமெல்லாம் "எங்க ஊட்டுல எழுதினது புக்குல வருது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் செடியின் கிளை கழிக்கக் கவாத்துக் கத்தி வாங்க வந்தவர்கள். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

இங்கே மூன்று வாரமாக வெயிலைப் பார்க்கவில்லை. காயாத துணிகளைக் கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து உலர்த்துகிறோம். வீட்டில் எல்லாரும் புகை வாசனையோடு நடமாடுகிறோம். மாமி டீயைக் குடிக்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கண்ணாடி விஷயம். கண்ணாடிப் பெட்டி மாறியிருக்கும், கம்பெனியைப் பார். உப்பில் ஈரம் இருக்கலாம். உலை சூடு சரியாகக் காட்டுகிறதா என்றும் பார். லாக் புக்கில் இருப்பதுதான் நான் செய்தது. வேறொன்றும் நினைவில்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்ட அவசரத்தில் இருந்தேன்.

இன்னொரு சேதி. சேலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை இருக்கிறது. அவர் சரி என்றுவிட்டார். மாமியைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆயிற்று. காலை பஸ்ஸில் இறங்கி மாலை பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்பது கட்டளை. புரொபசரிடம் சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறேன். அவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை நினைவுபடுத்து.

உன்
பரிதா

---

சென்னை
1-8-1985

அன்புள்ள பரிதா,

சான்றிதழ் கையெழுத்தாகிவிட்டது. "ரொம்பச் சுத்தமாக லாக் எழுதுகிற பெண்" என்று புரொபசர் தன் வாயால் சொல்லி டைப் அடிக்க வைத்தார். இரண்டு நாளில் கிடைக்கும்.

கண்ணாடி மாற்றினேன். பழைய பெட்டியிலேயே மிச்சம் நான்கு இருந்தன, அவையும் பழுப்பாயின. உப்பை இரண்டு நாள் சூட்டில் காய வைத்தேன். அடுத்த லேபிலிருந்து வேறு உலை கடன் வாங்கினேன். இப்போது பத்தொன்பது ஆயிற்று.

நேற்று புரொபசர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் அறையில் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

"பதினேழை நீ அளந்தபோது வேறு யார் பார்த்தார்கள்?"

"யாரும் இல்லை சார். பரிதா ஊருக்குப் போய்விட்டாள்."

"அது எப்படி உடைந்தது?"

சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சரி, போ" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த "சரி" இன்னும் காதில் இருக்கிறது.

பரிதா, கோபப்படாமல் யோசி. அன்று பெல் ஜாரில் வெற்றிடம் வர எவ்வளவு நேரமாயிற்று? அலுமினியம் எப்படி இருந்தது, கண்ணாடி மாதிரி பளபளப்பாகவா? எது நினைவிருந்தாலும் போதும்.

லூர்து

---

ஏற்காடு
9-8-1985

லூர்து,

சான்றிதழ் வந்தது. நன்றி. நேர்முகம் அக்டோபர் பத்தாம் தேதி.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். என்னைச் சந்தேகப்படுகிறாயா? நான் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பம்பு எத்தனை நிமிடம் ஓடியது என்று இப்போது கேட்டால் எப்படிச் சொல்வேன்? அளந்தது நீ, அளவில் கோளாறு இருக்கிறதா என்று நீதானே பார்க்க வேண்டும்?

வீட்டில் விருந்தாளிகள். பிறகு எழுதுகிறேன்.

பரிதா

---

சென்னை
24-8-1985

பரிதா,

இனி இதைப் பற்றி உன்னைக் கேட்க மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செப்டம்பர் 23, திங்கட்கிழமை, மூன்று பேர் கொண்ட கமிட்டி உட்காருகிறது. இலாகாவிலிருந்து இருவர், மூன்றாமவர் நம் புரொபசர். கட்டுரையைத் திரும்பப் பெறுவதா என்பது ஒரு கேள்வி. நான் அளந்தது உண்மையா, அல்லது நானே எழுதிக்கொண்டதா என்பது இன்னொன்று. அளவு அறையின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வேலை செய்யப் போனால் கூடவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மெஸ்ஸில் என் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன வாரம் உப்புக் குழம்பு இடது கையில் தெறித்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். கவனம் எங்கேயோ இருந்தது.

எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. அந்தச் சிவப்புக் கோட்டை நான் பார்த்தேனா? ஆசையில் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?

அம்மாவிடம் எதையும் சொல்லாதே. "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

லூர்துசெல்வி

---

ஏற்காடு
4-9-1985

என் லூர்து,

நேற்று நாகலூர் போயிருந்தேன். மாமி உறவில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருந்தது, பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உன் அம்மாவைப் பார்க்காமல் வர முடியவில்லை. பார்க்காமலே வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாந்தாமேரி அம்மா எஸ்டேட் களத்திலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன்னைப் பார்த்த மாதிரி. "வா கண்ணு, வா சாமி, நொம்ப எளச்சுப் போயிட்டியே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து உன் கடிதத்தை எடுத்தார்கள்.

"பக்கத்து ஊட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. ஆனா அது வேகமாப் படிச்சுட்டு ஓடிப்போச்சு. நீ ஒருக்கா படி கண்ணு, மெதுவா."

படித்தேன். "நன்றாக இருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது" என்று எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் உன் அம்மா தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"ஏங்கண்ணு, எம்மவ எப்பவும் ரெண்டு பக்கம் எழுதுவா. அங்க சாப்பாடு நல்லால்ல, இவ திட்டுனா, அவ பேசலன்னு எழுதுவா. இதுல ஒண்ணுமே இல்லியே. அவளுக்கு அங்க ஏதாச்சும் தொந்தரவா? நீயும் அவளும் ஒண்ணாத்தான வேலை பாத்தீங்க, உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றேன்.

லூர்து, எனக்குத் தெரியும். ஜூலையில் உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும்.

ஜனவரி 18. காலையிலிருந்து மின்சாரம் இறங்கி இறங்கி வந்தது. நீ பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தாய். பெல் ஜாருக்குள் காற்று முழுதாக வெளியேறவே இல்லை. பெரிய பம்பின் சூடேற்றி வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அழுத்தம் காட்டும் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இருக்க வேண்டியதைவிட நூறு மடங்கு மோசமான வெற்றிடம். மறுநாள் மாலை எனக்கு ரயில். அந்த ஒரு பூச்சு முடியாமல் போனால் உனக்கு இரண்டு மாதம் நின்றுவிடும், பம்பைப் பார்க்க ஆள் வர வேண்டும். சரி, ஆவதாகட்டும் என்று அப்படியே அலுமினியத்தை ஆவியாக்கினேன். படலம் பளபளக்கவில்லை. மங்கலாக, நீலம் பாய்ந்து இருந்தது. லாக் புக்கில் முந்தின நாள் அளவையே எழுதினேன். நல்ல அளவு. என் சுத்தமான கையெழுத்தில்.

அன்று அது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. சரியில்லை என்றால் நீ திரும்பப் பூசிக்கொள்வாய் என்று நினைத்தேன். பதினேழு நன்றாக வந்தது என்று நீ எழுதியபோது, பார், ஒன்றும் ஆகவில்லை என்று மறந்தே போனேன்.

ஆனால் "கரை பழுப்பாகிறது" என்று நீ ஜூலையில் எழுதியதும் எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல அலுமினியம் உப்பில் இருக்கும் வெள்ளியை இழுத்துத் தன் ஓரத்தில் துகளாகப் படிய வைக்கிறது. பழுப்பு அதுதான், ஒளியைத் தின்பதும் அதுதான். என் படலம் மிச்சமிருந்த காற்றை உறிஞ்சி ஒருவகைத் துருப்பிடித்தது. அந்தத் துரு வெள்ளியை அண்ட விடவில்லை. என் தவறுதான் பதினேழை நன்றாக்கியது. நீ என் பக்கத்தை நம்பி, நல்ல வெற்றிடத்தில், பளபளப்பாகப் பூசிக்கொண்டே இருக்கிறாய். எத்தனை கவனமாகச் செய்கிறாயோ அத்தனை மோசமாக வரும்.

பெல் ஜாரில் கொஞ்சம் காற்றை விட்டுப் பூசிப் பார். வரும்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். சேலம் வேலை. "ரொம்பச் சுத்தமாக லாக் எழுதுகிற பெண்" என்று கையெழுத்துப் போட்டவரிடம் போய் என்னவென்று சொல்வேன்? நீ எப்படியும் நீயாகவே கண்டுபிடித்துவிடுவாய் என்று நாளைத் தள்ளினேன்.

ஒன்று கேட்கிறேன். நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடு. இனி எழுதும் கட்டுரையில் உன் பெயர் மட்டும் போதும், என்னுடையது வேண்டாம். இந்தக் கடிதத்தை மட்டும் யாரிடமும் காட்டாதே. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை.

பரிதா

---

சென்னை
14-9-1985

பரிதா,

உன் கடிதம் 7-ஆம் தேதி வந்தது. அன்றைக்கு உனக்கு எழுதியிருந்தால் திரும்பப் படிக்க முடியாததைத்தான் எழுதியிருப்பேன். அதனால் வேலைக்குப் போனேன்.

பெல் ஜாரின் ஊசி வால்வைக் கால் சுற்றுத் திறந்து வைத்துப் பூசினேன். என்னோடு காவலுக்கு உட்கார்ந்திருந்த சீனியர், "என்ன செய்கிறாய், வெற்றிடத்தைக் கெடுக்கிறாயே!" என்று எழுந்துவிட்டார். "ஆமாம், கெடுக்கிறேன்" என்றேன். முதல் இரண்டு உரிந்து போயின. மூன்றாவது மங்கலாக, நீலமாக வந்தது. மார்ச்சுக்குப் பிறகு ஒன்றிலிருந்து புதிதாகப் போட்டு வந்த கணக்கில் அது முப்பத்தோராம் எண்.

நேற்றுக் காலை லேசரை விட்டேன். ஓடியது, பரிதா. முனையிலிருந்து முனை வரை. கரையில் பழுப்பே இல்லை. அந்த சீனியர் விளக்கை அணைத்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் பார்த்தது நிஜம். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

அழுது முடித்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. ஏழு வாரம். இருபது கண்ணாடி. சாவியை என் கையிலிருந்து வாங்கினார்களே, அன்றும் உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் நீ கேட்பதும் முடியாது. நானே கண்டுபிடித்தேன் என்றால் அவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள்? "அப்படியானால் ஜனவரியில் நல்ல வெற்றிடத்தில் பூசிய பதினேழு எப்படி ஓடியது?" அந்த இடத்தில் ஒன்று உன் பக்கம் பொய், இல்லையென்றால் என் பக்கம் பொய். மூன்றாவது இல்லை. உன் பக்கம் அத்தனை சுத்தமாக இருக்கிறது. யாரை நம்புவார்கள்?

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீயே சொல். புரொபசருக்கு எழுது, 23-ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். எழுதவில்லை என்றால் நான் உள்ளே போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு நமக்குள் எழுத எதுவும் இருக்காது.

லூர்துசெல்வி

---

ஏற்காடு
18-9-1985

லூர்து,

நேற்று மாலைத் தபாலில் உன் கடிதம். படித்துவிட்டுக் கடையின் பின்பக்கம், ஆணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் தேடிக்கொண்டு வந்தார்.

"ஒரு மாசமா நீ ஆளே சரியில்ல. உடம்புக்கு என்ன? சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிடம், அலுமினியம் எதுவும் அவருக்குப் புரியாது. புரிய வேண்டியது புரிந்தது.

"அந்தப் புள்ளைய அங்க திருடின்னு சொல்றாங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"நீ சொன்னா அது தீருமா?"

"தீரும். ஆனா காலேஜ் வேலை போயிடும். மாமிக்கும் தெரிஞ்சு போகும்."

அவர் ஓர் ஆணி மூட்டை மேல் உட்கார்ந்தார். நீ நினைப்பதுபோல உடனே பெருந்தன்மையாகவெல்லாம் பேசவில்லை. "அந்த வேலைக்காக எங்கம்மாகிட்ட எத்தனை நாள் மல்லுக்கு நின்னேன் தெரியுமா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். கடைக்குப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "எழுது. போஸ்ட் ஆபீசு மூடறதுக்குள்ள எழுது" என்றார்.

முடியவில்லை. நான்கு தாள் கிழித்தேன். இன்று காலை முடித்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். மழையில் எங்காவது பாறை சரிந்து தபால் வண்டி நின்றால் என்ன செய்வது என்று பயந்து தந்தியும் கொடுத்தேன்: "ஜனவரி 18 வெற்றிட அளவு பொய். எழுதியது நான். லூர்துசெல்வி அளவு உண்மை. கடிதம் வருகிறது. பரிதா." தந்தி வாங்கின கிளார்க் இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏனுங்க, இப்படியேவா போடணும்?" என்று கேட்டார். இப்படியே போடுங்கள் என்றேன்.

புரொபசர் கொடுத்த சான்றிதழையும் கடிதத்தோடு வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஜூலையிலேயே எனக்குத் தெரியும் என்பதை. எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதைச் சொல்வதா என்று நீ முடிவு செய்துகொள்.

என்மேல் கோபமாக இருப்பாய். எவ்வளவு என்றாவது எழுது.

பரிதா

---

சென்னை
29-9-1985

பரிதா,

தந்தி 19-ஆம் தேதியே வந்துவிட்டது. புரொபசர் அதை என்னிடம் நீட்டினார். பிறகு அளவு அறைச் சாவியை மேசை மேல் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மூன்று பேரும் முப்பத்தோராம் எண்ணைப் பார்த்தார்கள். இலாகாவிலிருந்து வந்த பெரியவர் குனிந்து அரை மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்கள். கட்டுரை அச்சாகும், வெற்றிட அளவைத் திருத்தி. உன் பெயரை எடுத்துவிடலாமா என்று புரொபசர் கேட்டார். "அந்தப் படலத்தைப் பூசியது அவள்தான், சார். பெயர் இருக்க வேண்டும்" என்றேன். இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெரியவர் பேப்பரைக் கட்டி வைத்துக்கொண்டே கேட்டார்:

"இத்தனை நாள் தடுமாறியிருக்கிறீர்களே, அந்தப் பெண்ணிடம் முன்பே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் சார்."

"என்ன சொன்னார்?"

உன் ஜூலைக் கடிதமும் ஆகஸ்ட் கடிதமும் என் பையில்தான் இருந்தன. பை மடியில் இருந்தது.

"அப்போது அவளுக்கும் காரணம் புரியவில்லை, சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டார். யாரும் மேலே கேட்கவில்லை. நான் அளந்தது உண்மை என்று நிரூபிக்கத்தான் அந்த அறைக்குள் போனேன். வெளியே வரும்போது ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீகூடக் கேட்கவில்லை, முடிவை என்னிடம் விட்டாய். ஆனால் அப்படி விட்டதே எனக்கு நீ கொடுத்த பெரிய தண்டனை.

கோபம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். லாக் புக்கில் எழுதியதற்குக் கோபம் இல்லை. ரயிலுக்கு முந்தின நாள், பம்பு ஓடவில்லை என்றால் நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ. "அளந்தது நீதானே" என்று ஆகஸ்டில் எழுதினாயே, அந்த ஒரு வரிக்குத்தான். தெரிந்துகொண்டே எழுதினாய்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவேன். அம்மா வீட்டுக்கு நீ வர வேண்டாம்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம் சொல்.

லூர்துசெல்வி

---

சென்னை
20-1-1986

பரிதாவுக்கு,

வேறொரு லேபில் நம் முறையைச் செய்து பார்க்கிறார்கள். அவர்களுக்குப் படலம் சில நாள் வருகிறது, சில நாள் உரிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். பூசி முடித்த பிறகு, சூடு ஆறுவதற்குள் காற்றை உள்ளே விடுவதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். ஜனவரி 18 அன்று ஆவியாக்கி முடித்ததற்கும் நீ காற்றை விட்டதற்கும் நடுவில் எத்தனை நிமிடம்?

லூர்து

---

ஏற்காடு
27-1-1986

அன்புள்ள லூர்து,

உன் கார்டு சனிக்கிழமை வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் முடிக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

சேலம் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இங்கே கான்வென்ட்டில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், அவருக்குப் பதிலாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாமிக்கு எல்லாம் தெரியும். ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீ சேலம் பஸ்ஸில் ஏறுவதைக் கடையிலிருந்து பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாய். தழும்பு தெரிந்தது. நீ சொன்னபடி நான் இறங்கி வரவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் "பத்து நிமிடம்" என்று எழுதினேன். வழக்கமாக நாம் விடும் இடைவெளி அதுதான், நீ நம்பிவிடுவாய் என்று தெரியும். எழுதிய பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பிறகு மூன்று நாள் நினைவுபடுத்திப் பார்த்தேன்.

எனக்குத் தெரியாது, லூர்து. அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

தெரிந்தது இவ்வளவுதான். காற்றை விட்டதும் ஜாரைத் தூக்கினேன், உள்ளங்கை பொறுக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது, துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்தேன். அதே நேரத்தில் நம் லேப் வாட்ச்மேன், அந்தத் தாராபுரத்துக்காரர், சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார், அவர் எப்போது ஷிப்டுக்கு வருவார் என்று நீ விசாரித்துக்கொள். படலத்தின் நீலம் நடுவில் குறைவாக, ஓரத்தில் அதிகமாக இருந்தது.

மற்றது எதுவும் எனக்கு நினைவில்லை.

பரிதா